மொழிபெயர்ப்பு மாநாட்டுக்கு மாணவராகப் போகலாமா?

மொழிபெயர்ப்பு முதுகலை இறுதியாண்டில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் சங்கம் நடத்தும் மூன்று நாள் மாநாட்டுக்கு மாணவர் கட்டணத்தில் போய் வரச் சொல்கிறார் பேராசிரியர். கட்டணம் குறைத்திருக்கிறார்கள், ஆனாலும் எனக்கு அது பெரிய தொகை. அனுபவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் பல வருடமாகத் தொழிலில் இருப்பவர்கள். நான் அங்கே போய் என்ன செய்வேன், வேலை ஏதாவது கிடைக்குமா?

மேலோட்டமாகப் பார்த்தால் இது போட்ட பணம் திரும்பி வருமா என்ற கேள்வி. அதற்குள்ளே இன்னொன்று இருக்கிறது: அந்தக் கூட்டத்தில் உட்கார எனக்கு உரிமை இருக்கிறதா? இந்த இரண்டாவதைத்தான் முதலில் பேச வேண்டும். அது தெளியாமல் போகிற மாணவர்கள் மூன்று நாளும் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் குறிப்புகளை வீட்டில் இருந்தே பாதி சேகரித்திருக்கலாம்.

நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மருத்துவ, சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பதைப் பல ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்கிறேன். சங்க மாநாடுகளுக்கு மாணவனாகப் போயிருக்கிறேன், பிறகு அமர்வு நடத்தியிருக்கிறேன், அமர்வுகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருந்திருக்கிறேன். இலக்கிய மொழிபெயர்ப்புக் கூட்டங்களில் நான் பார்வையாளன் மட்டுமே. வசனத்துக்கு சப்டைட்டில் போடுகிறவர்களின் உலகமும் வெளியிலிருந்து பார்த்ததுதான். கீழே சொல்வதை அந்த அளவுக்குள் வைத்துப் படியுங்கள்.

உரிமை விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. மொழிபெயர்ப்புச் சேவை எப்படி நடக்க வேண்டும் என்று வரையறுக்கும் சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 17100, 2015-ல் வெளியானது. ஒருவரை மொழிபெயர்ப்பாளராக ஏற்க அது மூன்று வழி சொல்கிறது. மொழிபெயர்ப்பில் பட்டம் இருக்க வேண்டும். அல்லது வேறு ஏதாவது துறையில் பட்டமும் இரண்டு ஆண்டு முழுநேர மொழிபெயர்ப்பு அனுபவமும் இருக்க வேண்டும். அல்லது ஐந்து ஆண்டு முழுநேர அனுபவம் இருக்க வேண்டும். நீங்கள் முதல் வழியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறீர்கள். மாநாட்டு அரங்கில் இருக்கும் பெரும்பாலானோர் இரண்டாவது, மூன்றாவது வழியில் வந்தவர்களாகவே இருப்பார்கள். செவிலியராக இருந்தவர், வழக்கறிஞராக இருந்தவர், பொறியியல் படித்துவிட்டு மொழிப் பக்கம் திரும்பியவர் என்று பலரைப் பார்ப்பீர்கள். இப்போது வகுப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள், எந்த மென்பொருளில் பயிற்சி தருகிறார்கள் என்று அவர்களே உங்களிடம் ஆர்வமாகக் கேட்பார்கள். அந்தத் தரத்தைக் காட்டி மொழிபெயர்ப்பு வேலையை வாங்கிப் பிரித்துத் தரும் எந்த ஏஜென்சியிடமும் வேலை கேட்க முடியாது, அது வேறு விஷயம். அனுபவம் எவ்வளவு என்றுதான் அவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பார்கள். ஆனால் அங்கே போய் உட்காரும் தகுதி உங்களுக்கு உண்டு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வருகிற மூத்தவர்களும் படிக்கத்தான் வருகிறார்கள். அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதைத் தக்கவைக்க மூன்று ஆண்டுக்கு 20 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் நாட்டி அமைப்பும் சான்று பெற்றவர்களை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுசான்று வாங்கச் சொல்கிறது. அதற்கும் தொடர்ந்து பயிற்சி எடுத்துக்கொண்டதைக் காட்ட வேண்டும். பக்கத்து நாற்காலியில் நரைத்த தலையோடு ஒருவர் உட்கார்ந்து அடிப்படைக் கேள்வி ஒன்றைக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். சட்டத்தில் கரை கண்டவருக்கு மருந்து விவரத்தாள் புதிது. மொழிபெயர்ப்பில் எல்லாத் துறையும் தெரிந்தவர் என்று யாரும் கிடையாது, அதனால் கேட்பதில் யாருக்கும் வெட்கமும் கிடையாது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது.

அடுத்து, நீங்கள் போகப்போவது எந்த வகை மாநாடு என்று பாருங்கள், ஏனென்றால் பெயரில் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். 1959-ல் தொடங்கிய அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கம் ஆண்டுதோறும் வெவ்வேறு நகரத்தில் கூடுகிறது. 1953-ல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச மொழிபெயர்ப்பாளர் கூட்டமைப்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உலக மாநாடு நடத்துகிறது. 2017-ல் பிரிஸ்பேனில் நடந்தது, அடுத்தது கொரோனாவால் தள்ளிப்போய் 2022-ல் கியூபாவின் வரதேரோவில் நடந்தது, பிறகு 2025-ல் ஜெனீவாவில். இவை தொழில் செய்கிறவர்களின் மாநாடுகள். 1992-ல் வியன்னாவில் உருவான ஐரோப்பிய மொழிபெயர்ப்பியல் சங்கத்தின் மாநாட்டில் ஆராய்ச்சிக் கட்டுரை வாசிப்பார்கள். 2003 முதல் நடக்கும் லோக்வேர்ல்டு கூட்டத்தில் பெரிய நிறுவனங்களும் ஏஜென்சிகளும் ஒரே மென்பொருளை எத்தனை மொழியில் எவ்வளவு வேகமாக வெளியிடலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். 1978-ல் தொடங்கிய அமெரிக்க இலக்கிய மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் மாநாட்டில் மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் பக்கங்களை வாசித்துக் காட்டுவார்கள், பதிப்பாளர்களும் வருவார்கள். உங்கள் ஆய்வேட்டுக்குக் கருத்துக் கேட்க வேண்டும் என்றால் ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்கும் வகைக்குப் போங்கள். தொழில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றால் உங்கள் பேராசிரியர் சொன்ன வகைதான் சரி.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கிப் போகாதீர்கள். படிப்பு முடியும் முன்பே போயாக வேண்டிய மாநாடு என்று எதுவும் இல்லை. மாணவர் கட்டணம் தவிர முன்பதிவுச் சலுகையும் பெரும்பாலும் இருக்கும். இரண்டும் சேர்ந்து பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். அரங்க வாசலில் நிற்பது, பேச்சாளருக்கு நேரம் காட்டுவது போன்ற வேலைகளுக்குத் தன்னார்வலர் தேவைப்படும், அதற்குப் பதிலாகக் கட்டணத்தைக் குறைப்பதோ விடுவதோ பல இடங்களில் உண்டு. இது செலவைக் குறைக்கும் வழி மட்டும் இல்லை. கையில் ஒரு பொறுப்பு இருந்தால் அந்நியர்களிடம் பேச ஒரு காரணம் தானாகக் கிடைத்துவிடும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். இலக்கியப் பக்கம் ஆர்வம் இருந்தால், மேலே சொன்ன இலக்கியச் சங்கம் புதியவர்களுக்குப் பயண உதவித்தொகை தருகிறது. எதுவும் ஒத்துவராவிட்டால் இணையத்தில் பார்க்கலாம்: ஐரோப்பிய ஆணையத்தின் மொழிபெயர்ப்புத் துறை 2014 முதல் நடத்தும் டிரான்ஸ்லேட்டிங் யூரோப் கூட்டத்தை இணையத்தில் ஒளிபரப்புகிறார்கள். தொழில்காரர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று காதைப் பழக்க அது போதும். மனிதர்களைச் சந்திப்பது மட்டும் அதில் நடக்காது.

அமர்வுகளைத் தேர்ந்தெடுப்பதில் மாணவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. வகுப்பில் படித்ததோடு ஒத்துப்போகும் தலைப்புகளையே தேடிப் போவார்கள். புரிகிறதே என்ற நிம்மதி கிடைக்கும், புதிதாக ஒன்றும் கிடைக்காது. தேர்வுக் குழுவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அமர்வுச் சுருக்கத்தைப் படியுங்கள். பேச்சாளர் ஒரு குறிப்பிட்ட வேலையை, ஒரு குறிப்பிட்ட சிக்கலை எடுத்துப் பேசுவதாக எழுதியிருந்தால் அந்த அமர்வு பெரும்பாலும் ஏமாற்றாது. எதிர்காலம், புரட்சி, வெற்றி ரகசியம் என்று மட்டும் எழுதியிருந்தால் விட்டுவிடலாம். உங்கள் துறைக்கு நெருக்கமானது ஒன்று, தொழில் நடத்துவதைப் பற்றியது ஒன்று, உங்களுக்குத் துளியும் தெரியாத வகை ஒன்று என்று ஒரு நாளுக்கு மூன்று போதும். ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும், விலைப்பட்டியல் எப்படி அனுப்புவது, பணம் தராதவரிடம் எப்படிக் கேட்பது என்பதைப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் தொட்டுவிட்டுப் போய்விடும். மாநாட்டில் அதை முழுசாகக் கேட்கலாம்.

தெரியாத வகை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு என் முதல் சிபாரிசு உரைபெயர்ப்பாளர்களின் கண்ணாடி அறை. பல மொழியினர் கூடும் மாநாட்டில் முக்கிய உரைகளை உடனுக்குடன் வேறு மொழியில் சொல்வார்கள். நீங்கள் எழுத்து மொழிபெயர்ப்பு மட்டுமே படிப்பவராக இருந்தாலும், ஒரு ஹெட்போனை வாங்கிக்கொண்டு, அரங்கின் பின்பக்கம் அந்த அறை தெரிகிற இடத்தில் உட்காருங்கள். ஒரு காதில் மூல உரை, மற்றொரு காதில் பெயர்ப்பு. உள்ளே இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். சும்மா இருக்கிற மாதிரித் தெரிகிற மற்றவரின் கையைப் பாருங்கள். பேச்சாளர் ஒரு எண்ணைச் சொன்னதும் அதைத் தாளில் பெரிதாக எழுதி இணையின் பக்கம் நகர்த்துவார். நிறுவனப் பெயர், ஆண்டு, பழக்கமில்லாத ஒரு சுருக்கம், எதுவானாலும் அப்படித்தான். பேசுகிறவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இறக்கி அதைப் படித்துச் சொல்லிவிடுவார். 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஒரு வாக்கியத்தின் முடிவில், கை சைகையோடு இடம் மாறிக்கொள்வார்கள். கவனித்துக் கேட்டால்தான் குரல் மாறியது தெரியும். எண் ஏன் இவ்வளவு சிரமம், பெயர்ப்பவர் எவ்வளவு பின்தங்கி வருகிறார், எதை விட்டுவிடுகிறார், விட்டதில் எது முக்கியம் இல்லாதது என்று அரை மணி நேரம் கவனித்தால் உங்கள் எழுத்து மொழிபெயர்ப்பே கொஞ்சம் மாறும். ஒரே ஒரு மரியாதை: அறையை விட்டு வெளியே வந்ததும் அவர்களிடம் ஓடிப்போய்ப் பேசாதீர்கள். அது அவர்கள் வாய்க்கும் மூளைக்கும் கிடைக்கிற ஓய்வு. மாலையில் பேசுங்கள், சந்தோஷமாகப் பேசுவார்கள்.

இனி மனிதர்கள். யாரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் முக்கியப் பேச்சாளரையும் ஏஜென்சி மேலாளரையும் சொல்வார்கள். என் கருத்து வேறு. உங்களுக்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டு முன்னால் இந்தப் படிப்பை முடித்து வெளியே வந்தவர்களைத் தேடுங்கள். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் அற்புதமாகப் பேசுவார், ஆனால் அவர் தொழிலுக்குள் வந்த வாசல் இன்றைக்கு இல்லை. தொலைநகலில் வேலை வாங்கிய கதை உங்களுக்கு எந்த வகையில் உதவும்? நான்கு ஆண்டு முன்னால் வந்தவருக்கு, முதல் வருடம் எந்த வேலைக்கு விண்ணப்பித்தார், எது பதில் தராமல் போனது, எந்தச் சோதனை மொழிபெயர்ப்பில் தேறினார் என்பதெல்லாம் இன்னும் நினைவில் இருக்கும். அவரிடம் மறைக்க எதுவும் இருக்காது, நேரமும் இருக்கும். புதிதாக வருகிறவரை ஏற்கெனவே வந்து பழகியவரோடு சேர்த்துவிடும் ஏற்பாடு சில சங்கங்களில் உண்டு. அமெரிக்கச் சங்கத்தில் அதற்கு 'பட்டீஸ் வெல்கம் நியூபீஸ்' என்று பெயர். அப்படி ஒன்று இருந்தால் யோசிக்காமல் பெயர் கொடுங்கள்.

உங்களை அறிமுகப்படுத்திக்கொள்கிற முதல் வாக்கியத்தை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போங்கள். "நான் ஸ்டூடண்ட்தான், இன்னும் ஒண்ணும் ஆரம்பிக்கலை" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் "நல்லாப் படிங்க" என்று சொல்லிவிட்டு நகர்வதைத் தவிர என்ன செய்ய முடியும்? அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "முதுகலை இறுதியாண்டு. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்கிறேன். இளங்கலையில் மருந்தியல் படித்தேன், அதனால் மருத்துவ ஆய்வுகளின் ஒப்புதல் படிவங்களில் ஆர்வம்." மொழி இணை, எந்தத் திசை, எந்தத் துறை: தொழில்காரர்கள் ஒருவரை மனதில் பதித்துக்கொள்வது இந்த மூன்றை வைத்துத்தான். சில மாதம் கழித்து ஒப்புதல் படிவம் ஒன்று அவர் மேசைக்கு வந்தால் உங்கள் நினைவு வர வாய்ப்பு இருக்கிறது. துறை இன்னும் முடிவாகவில்லை என்றாலும் படித்த பாடம், குடும்பத் தொழில், பல வருடப் பொழுதுபோக்கு என்று ஏதாவது ஒன்றில் உங்களுக்கு ஆழம் இருக்கும். அதைச் சொல்லுங்கள். இல்லாததைச் சொல்லாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கேள்விகளைப் பொறுத்தவரை, வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்ற மாதிரிக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். உங்களுக்கு முதல் வாடிக்கையாளர் எந்த வழியாக வந்தார்? ஒரு நாளைக்கு எத்தனை சொல் வரை தரம் குறையாமல் செய்ய முடிகிறது? (2000 முதல் 3000 என்று பரவலாகச் சொல்வார்கள், ஆனால் துறைக்குத் துறை எவ்வளவு மாறுகிறது என்பதைக் கேட்பதில்தான் பயன்.) உங்கள் மொழிபெயர்ப்பை இன்னொருவர் சரிபார்த்துத் திருத்தி அனுப்பும்போது உடன்படாத திருத்தத்தை எப்படிக் கையாளுகிறீர்கள்? இந்த மாதிரிக் கேள்விக்கு நின்று பதில் சொல்வார்கள். கடைசிக் கேள்வி சும்மா சொன்னதில்லை, ஐ.எஸ்.ஓ. 17100-ன்படி நடக்கும் வேலையில் இரண்டாவது ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது கட்டாயம். அந்த இரண்டாமவர் வேலை புதியவர்களுக்கும் ஒருநாள் வரும்.

ஒரு கேள்வியை மட்டும் சபையில் கேட்காதீர்கள்: ஒரு சொல்லுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்? தனியாகப் பழகியவர் தானே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சங்க அமர்வுகளில், குறிப்பாக அமெரிக்காவில், கட்டண விவரம் வந்தால் நடத்துகிறவர் பேச்சை மாற்றிவிடுவார். உங்களை மட்டம் தட்டுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். காரணம் சட்டம். மாநாட்டு உரைபெயர்ப்பாளர்களின் சர்வதேசச் சங்கமான ஏ.ஐ.ஐ.சி. தன் உறுப்பினர்களுக்குக் கட்டணத்தை நிர்ணயித்தது போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1997-ல் தீர்ப்புச் சொன்னது. சுயதொழில் செய்கிறவர்கள் ஒன்றாகக் கூடி விலை பேசுவது அந்தச் சட்டத்தின் பார்வையில் வியாபாரிகள் கூடி விலை வைப்பதற்குச் சமம். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: உங்கள் கட்டணத்தை எந்தக் கணக்கில் முடிவு செய்தீர்கள்? மாதச் செலவு, வரி, விடுமுறை, வேலை வராத நாட்கள் எல்லாவற்றையும் எப்படிக் கூட்டிப் பார்க்கிறார்கள் என்று கேட்டு வந்தால், தொகை எவ்வளவு என்பதை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சரி, வேலை கிடைக்குமா? நிச்சயமாகச் சொல்லக்கூடியது, நிச்சயம் இல்லாதது இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன். தொழிலில் எப்படிப் பேசுகிறார்கள், எதற்குக் கவலைப்படுகிறார்கள், எந்தத் துறையில் ஆள் தேவை என்பது தெரியவரும், இது நிச்சயம். பெயர் சொல்லி மடல் எழுத நாலைந்து பேர் கிடைப்பார்கள். நீங்கள் பேசினால் இதுவும் நிச்சயம். மாநாட்டிலேயே ஒருவர் வேலை கொடுத்து அனுப்புவார் என்பதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு. ஏஜென்சிகள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், பயோடேட்டாவை வாங்கிக்கொள்வார்கள், பிறகு இணையதளத்தில் படிவம் நிரப்பச் சொல்வார்கள். அந்த மேசையில் பேசுவது தப்பில்லை, அதையே நம்பிப் போவதுதான் தப்பு. நான் பார்த்தவரை புதியவர்களுக்கு வேலை வருகிற வழி வேறு: கை நிறைய வேலை இருக்கும் ஒருவர், "என்னால் இந்த வாரம் முடியாது, இவரைக் கேட்டுப் பாருங்கள்" என்று வாடிக்கையாளரிடம் ஒரு பெயர் சொல்வார். அப்படிச் சொல்லப்படும் பெயராக இருப்பதற்கு மாதங்கள் ஆகலாம், ஒன்றிரண்டு வருடமும் ஆகலாம். எவ்வளவு காலம் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் மொழி இணையில் வேலை செய்கிறவரைப் போட்டியாளர் என்று நினைத்து ஒதுங்காதீர்கள். உங்களுக்கு வேலை அனுப்பக்கூடியவர் அவர்தான்.

பயோடேட்டா ஒரு பக்கம் இருந்தால் போதும். மொழி இணையும் துறையும் முதல் வரியில் தெரிய வேண்டும். அதை முகவரியோடும் பிறந்த தேதியோடும் இணையத்தில் போட்டுவைக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர்களின் பயோடேட்டாவைத் திருடி, மின்னஞ்சலை மட்டும் மாற்றி, அவர்கள் பெயரில் வேலை வாங்கி ஏமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. மாதிரி மொழிபெயர்ப்பு கேட்டால் பொதுவெளியில் இருக்கும் உரையிலிருந்து நீங்களே செய்ததைக் காட்டுங்கள். பயிற்சியில் இருந்தபோது கைக்கு வந்த வாடிக்கையாளர் ஆவணத்தை, பெயரை மறைத்துக்கூடக் காட்டக் கூடாது. அப்படிக் காட்டுகிறவரிடம் என் வாடிக்கையாளரின் மருத்துவ அறிக்கையை நான் தர மாட்டேன், யாரும் தர மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பு மென்பொருள் கடைகளும் வரிசையாக இருக்கும்: டிராடோஸ், மெமோக்யூ, ஃப்ரேஸ். இலவசமாகச் செய்துகாட்டுவார்கள், தாராளமாகப் பாருங்கள், மாணவர் உரிமம் உண்டா என்று விசாரியுங்கள், அங்கேயே வாங்கிவிடாதீர்கள். நான் சேர்த்துவைக்கும் மொழிபெயர்ப்பு நினைவகத்தை (மூல வாக்கியங்களும் அவற்றின் மொழிபெயர்ப்பும் சேர்ந்த தொகுப்பை) டி.எம்.எக்ஸ். என்ற பொது வடிவக் கோப்பாக வெளியே எடுத்து வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேளுங்கள். பதில் எவ்வளவு நேரடியாக வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். பழகிப் பார்க்க ஒமேகாடி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றிய பேச்சு எல்லா அரங்கிலும் இருக்கும், சில அரங்குகளில் பயமாகவும் இருக்கும். இயந்திரம் தந்ததை மனிதர் திருத்தும் வேலைக்கு 2017-லேயே ஐ.எஸ்.ஓ. 18587 என்று தனித் தரம் வந்துவிட்டது. அதாவது இது நேற்று முளைத்த விஷயம் இல்லை, தொழிலுக்குள் ஏற்கெனவே ஒரு வேலையாக இருக்கிறது. இன்னும் பத்து ஆண்டில் எவ்வளவு வேலை எஞ்சும் என்பதில் மேடையில் இருப்பவர்களுக்கும் ஊகம்தான். பேசுகிறவர் மென்பொருள் விற்கிறவரா, மொழிபெயர்த்துப் பிழைக்கிறவரா, ஆராய்ச்சியாளரா என்று பார்த்துவிட்டு ஊகத்துக்கு எடை போடுங்கள். எந்தத் துறையில், எந்த மொழி இணையில், எந்த வகைத் தவறு இன்னும் வருகிறது என்று உதாரணத்தோடு பேசுகிறவர் கிடைத்தால் முன் வரிசையில் உட்காருங்கள்.

தமிழ் போன்ற மொழியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய சர்வதேச மாநாடுகளில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன்காரர்களுக்குத் தனி அமர்வுகள் இருக்கும். தமிழுக்கு நீங்கள் ஒருவர் மட்டுமே இருக்கலாம். முதல் நாள் அது கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்கும். மருத்துவம், சட்டம், கலைச்சொல் மேலாண்மை, தொழில் நடத்துதல் எல்லாம் மொழி கடந்த அமர்வுகள், அங்கே போங்கள். அம்ஹாரிக், பங்களா, தாய்லாந்து மொழிகளில் வேலை செய்கிறவர்களைத் தேடுங்கள். எழுத்துரு உடைவது, திரைப் பொத்தானில் சொல் அடங்காமல் போவது, கலைச்சொல் அகராதி போதாமல் தவிப்பது என்று அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே பாடுதான். தமிழ் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் ஆட்சிமொழிகளில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் நாட்டி தேர்வு நடத்தும் மொழிகளில் ஒன்று என்பதை அங்கே பலர் அறிந்திருக்க மாட்டார்கள். சொல்லுங்கள். ஒரு மொழிக்கு ஆள் தேடுகிறவருக்கு அரங்கில் ஒரே ஒருவர்தான் தெரியும் என்றால் அந்த ஒருவர் நீங்களாக இருப்பது நல்லதுதானே.

வகுப்பு நண்பர்களோடு போனால் அமர்வுகளைப் பிரித்துக்கொண்டு தனித்தனியாகப் போங்கள், இரவில் உட்கார்ந்து பகிர்ந்துகொள்ளுங்கள். கும்பலாக நிற்கும் மாணவர்களிடம் யாரும் வந்து பேச மாட்டார்கள். எல்லா அமர்வுக்கும் போயாக வேண்டும் என்றும் இல்லை. இரண்டாம் நாள் மதியம் தலை கனக்கும். ஒரு அமர்வை விட்டுவிட்டு வெளியே தாழ்வாரத்தில் உட்காருங்கள், அங்கே உங்களைப் போலவே அமர்வை விட்டுவந்த ஒருவர் இருப்பார். சங்கத்தின் உறுப்பினர் கூட்டம் நடந்தால், மாணவர் உறுப்பினரை அனுமதித்தால், அதில் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். எதற்காக ஒருவரோடொருவர் சண்டை போடுகிறார்கள் என்பதிலிருந்து ஒரு தொழிலைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

வாங்கிய விசிட்டிங் கார்டு ஒவ்வொன்றின் பின்னாலும் அன்றிரவே ஒரு வரி எழுதிவையுங்கள்: எங்கே சந்தித்தோம், எதைப் பற்றிப் பேசினோம். மறுநாள் முகம் கலந்துபோகும். திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் மடல் அனுப்புங்கள். நீளம் வேண்டாம். "கலைச்சொல் அமர்வுக்குப் பிறகு பேசினோம், ஒப்புதல் படிவத்தில் நோயாளிக்குப் புரியும் நடையைப் பற்றிச் சொன்னீர்கள், நீங்கள் சொன்ன முறையில் ஒரு படிவத்தைச் செய்து பார்த்தேன், இரண்டாவது பத்தியில் மட்டும் சிக்கிக்கொண்டேன்" என்று எழுதினால் போதும். வேலை இருந்தால் சொல்லுங்கள் என்று அதே மடலில் கேட்காதீர்கள். பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அவர்களும் விட்டுவந்த வேலைக்குள் போய் விழுந்திருப்பார்கள். பட்டம் கையில் வந்ததும் அதே ஆட்களுக்கு இன்னொரு மடல் எழுதுங்கள். படிப்பு முடிந்தது, இன்ன துறையில் தொடங்குகிறேன், உங்களால் எடுக்க முடியாத சிறு வேலை இருந்தால் என்னைப் பரிசீலிக்கலாம் என்று அப்போது கேளுங்கள்.